நான்கு கோடி ஒளியாண்டுப் பிழை

2022 ஜூலை 12 அன்று ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்கள் வெளியானபோது, அவற்றுள் என்னை நெடுநேரம் பிடித்து வைத்திருந்தது ஸ்டெஃபானின் ஐவர் என்னும் விண்மீன் திரள்களின் கூட்டம். ஏறத்தாழ ஆயிரம் படக் கோப்புகளை ஒன்றோடொன்று ஒட்டி, 15 கோடிப் படப்புள்ளிகளில் உருவாக்கப்பட்டிருந்த அந்தப் படத்தில், ஐந்து திரள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தும் உரசியும் கிடப்பதுபோலத் தெரிந்தன. ஐவர் என்றாலே நமக்குப் பாண்டவர் நினைவு வரும். ஆனால் இந்த ஐவரில் ஒருவர் உடன்பிறந்தவரே அல்லர் என்பதும், வழியில் நின்று படத்தில் விழுந்துவிட்ட வேற்றூர்க்காரர் என்பதும் வானியல் ஆர்வலர்களுக்கு முன்பே தெரிந்த செய்திதான். அதை எண்களால் எனக்கு நானே காட்டிக்கொள்ள வேண்டும் என்று அன்றிரவு ஓர் அட்டவணை போடத் தொடங்கினேன். அந்த அட்டவணை என்னை ஒரு சரியான முடிவுக்கும், அதே கையோடு ஒரு தவறான முடிவுக்கும் இட்டுச் சென்றது.

இந்தக் கூட்டத்தை 1877 ஆம் ஆண்டு மார்சேய் வானாய்வகத்தில் கண்டறிந்தவர் எடுவார் ஸ்டெஃபான். பெகாசஸ் விண்மீன் தொகுதியில், நம் பஞ்சாங்கம் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று வழங்கும் நான்கு விண்மீன்களாலான பெரிய சதுரத்துக்குச் சற்று வடமேற்கே இது அமைந்திருக்கிறது. ஒரு நவம்பர் இரவில், ஜவ்வாது மலைப் பகுதியின் இருட்டில், நண்பர் ஒருவரின் 12 அங்குலத் தொலைநோக்கி வழியாக இதைப் பார்த்திருக்கிறேன். திருநீற்றை விரலால் தொட்டுக் கண்ணாடியில் தேய்த்ததுபோன்ற சில மங்கல்கள், அவ்வளவுதான். எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்பதைக் கண் சொல்லாது. வானம் நமக்குக் காட்டுவது ஒரு தட்டையான ஓவியத்தை. அதில் ஆழத்தை நாம்தான் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும்.

ஆழத்தைச் சேர்ப்பதற்கு முதலில் கைக்கு வருவது செம்பெயர்ச்சி. ஹைட்ரஜன் வெளியிடும் ஹெச்-ஆல்ஃபா என்னும் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் விழும். நம்மைவிட்டு விலகிச் செல்லும் ஒரு திரளின் நிறமாலையில் அதே கோடு இன்னும் நீளமான அலைநீளத்துக்குத் தள்ளிப்போய் விழும்; எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதிலிருந்து விலகும் வேகத்தைக் கணக்கிடலாம். ஐவரில், என்ஜிசி என்னும் வானியல் பட்டியலில் 7320 என்ற எண் பெற்ற திரளில் அந்தக் கோடு சுமார் 658.0 நானோமீட்டரில் இருக்கிறது; அதாவது விநாடிக்கு 786 கி.மீ. வேகம். என்ஜிசி 7317, 7318ஏ, 7319 ஆகிய மூன்றிலும் அது 671-ஐ ஒட்டி வருகிறது. அவற்றின் வேகங்கள் முறையே 6,599, 6,630, 6,747 கி.மீ. எஞ்சிய 7318பி-இல் 668.9, வேகம் 5,774 கி.மீ.

விரிவடையும் பிரபஞ்சத்தில் தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடும் என்பதால், வேகத்தை ஹபிள் மாறிலியால் வகுத்தால் தொலைவு கிடைத்துவிடும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். மாறிலியை ஒரு மெகாபார்செக்குக்கு, அதாவது சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டுக்கு, விநாடிக்கு 70 கி.மீ. என்று வைத்துக்கொண்டேன். 7320-க்குச் சுமார் 3.7 கோடி ஒளியாண்டு வந்தது. 7318ஏ-க்கு 30.9 கோடி வந்தது. 7318பி-க்கு 26.9 கோடி வந்தது. ஆகவே 7320 வெகு முன்னால் இருக்கிறது, சரி. ஆனால் 7318ஏ-யும் 7318பி-யும் படத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தாலும் அவற்றுக்கிடையே 4 கோடி ஒளியாண்டு இடைவெளி இருப்பதாக என் அட்டவணை சொன்னது. நம் பால்வீதியின் விட்டமே ஒரு லட்சம் ஒளியாண்டை ஒட்டியது. நானூறு பால்வீதிகளை வரிசையாக அடுக்கி வைக்கக்கூடிய இடைவெளியில் நிற்கும் இரண்டு திரள்கள் மோதுவதெப்படி? ஐவரில் மூவர் மட்டுமே உறவினர், மற்ற இருவரும் வழிப்போக்கர் என்று மறுநாள் நண்பர்களிடம் உறுதியாகச் சொன்னேன்.

எங்கள் நண்பர் வட்டத்தில் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அட்டவணையைப் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, இதே முறையில் எம் 86 திரளுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?"

"இல்லை ஐயா. அது கன்னித் திரள் கொத்தில் இருப்பதுதானே?"

"அதேதான். போட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்."

போட்டுப் பார்த்தபோதுதான் தலையில் குட்டு விழுந்தது. எம் 86 நம்மைவிட்டு விலகவில்லை. விநாடிக்குச் சுமார் 240 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது, அதன் கோடுகள் நீலப் பக்கம் நகர்ந்திருக்கின்றன. என் சூத்திரத்தில் இட்டால் அதன் தொலைவு எதிர்மறை எண்ணாக வரும்; அதாவது, அந்தத் திரள் என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வானத்தில் அதற்குப் பக்கத்திலேயே தெரியும் எம் 84 விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. ஆனால் இரண்டுமே கன்னிக் கொத்தில், ஏறக்குறைய 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருப்பவை. ஆயிரம் திரள்களுக்கு மேல் ஈர்ப்பால் கட்டுண்டு கிடக்கும் அந்தக் கொத்துக்குள் ஒவ்வொன்றும் கூட்டின் வாயில் மொய்க்கும் தேனீயைப்போல ஒவ்வொரு திசையில் பறந்துகொண்டிருக்கிறது; நம் பக்கமாகப் பறப்பது நீலமாகவும், எதிர்ப்பக்கம் பறப்பது கூடுதல் சிவப்பாகவும் தெரிகிறது.

ஆக, செம்பெயர்ச்சி என்ற ஒற்றை எண்ணுக்குள் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று பிரபஞ்ச விரிவால் வருவது, அதற்குத் தொலைவோடு தொடர்பு உண்டு. மற்றொன்று அந்தத் திரள் தன் அக்கம்பக்கத்தின் ஈர்ப்பால் ஓடும் சொந்த ஓட்டத்தால் வருவது, அதற்கும் நம்மிடமிருந்து உள்ள தொலைவுக்கும் தொடர்பே இல்லை. சொந்த ஓட்டம் சிறு குழுக்களில் சில நூறு கி.மீ., பெரிய கொத்துகளில் ஆயிரத்தையும் தாண்டும். பல்லாயிரம் கி.மீ. வேகத்தில் விலகும் ஒரு தொலைதூரத் திரளின் தொலைவைப் பொதுவாக அறிய வேண்டுமானால் இந்தச் சில நூறு பெரிய இடையூறல்ல. ஆனால் அருகருகே தெரியும் இரண்டு திரள்களின் செம்பெயர்ச்சியை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கும்போது, விரிவால் வரும் பங்கு பெரும்பாலும் அடிபட்டுப்போகிறது. மிஞ்சுவது சொந்த ஓட்டம்தான். அதுமட்டுமல்ல, ஈர்ப்பால் கட்டுண்ட ஒரு குழுவுக்குள் விரிவு என்பதே நடப்பதில்லை. நானோ அந்த மிச்சத்தை எடுத்து மீண்டும் 70-ஆல் வகுத்து, வேகத்தைத் தொலைவாக மாற்றியிருந்தேன். நூறு கி.மீ. வேறுபாட்டை இப்படி மாற்றினாலே 47 லட்சம் ஒளியாண்டு வந்துவிடும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் வானத்தில் எந்த இரண்டு திரள்களும் மோதிக்கொள்ளவே முடியாது.

அப்படியானால் செம்பெயர்ச்சியை விட்டுவிட்டு, தொலைவை நேரடியாக அளந்தால் என்ன? உண்மையான ஒளிர்வு எவ்வளவு என்று தெரிவதால் தொலைவைச் சொல்லிவிடும் செபீட் மாறு விண்மீன்கள் இருக்கின்றன, அதேபோல ஒன்றுஏ வகைச் சூப்பர்நோவாக்கள் இருக்கின்றன, சுழற்சி வேகத்திலிருந்து ஒளிர்வைக் கணிக்கும் முறையும் இருக்கிறது. நானும் இதைத்தான் அடுத்துக் கேட்டேன். இவற்றுள் நல்ல முறைகளிலும் ஒரு தனித் திரளுக்கு ஐந்து விழுக்காடு பிழை இயல்பு. 30 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஐந்து விழுக்காடு என்பது ஒன்றரைக் கோடி ஒளியாண்டு. ஆனால் இணையப்போகும் இரண்டு திரள்களின் இடைவெளி இரண்டு மூன்று லட்சம் ஒளியாண்டுக்குள் இருக்கும். அதைப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியம் வேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் இடையிலான தூரத்தைத் தப்படியால் அளந்துவிட்டு, மதுரையில் இரண்டு வீடுகளில் எது சென்னைக்கு அருகில் என்று தீர்ப்புச் சொல்வதற்கு நிகரானது இது. ஆகவே தொலைவும் செம்பெயர்ச்சியும் இந்த வேலைக்கு ஒரு பக்கம் மட்டுமே கூரான கத்திகள்: இவை இரண்டும் ஒன்றாக இல்லை என்று விலக்குவதற்குப் பயன்படும், ஒன்றாக இருக்கின்றன என்று நிறுவுவதற்குப் பயன்படா.

விலக்கும் வேலையை அவை எவ்வளவு நன்றாகச் செய்கின்றன என்பதற்கு 7320-ஐவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அதன் செம்பெயர்ச்சி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதை 1961 இல் ஜெஃப்ரி பர்பிட்ஜும் மார்கரெட் பர்பிட்ஜும் அளந்து சொன்னார்கள். வேறுபாடு விநாடிக்கு ஏறத்தாழ 5,800 கி.மீ. மிகப் பெரிய கொத்துகளிலும் திரள்களின் ஓட்டம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்ற அளவில் நிற்கும்போது, ஐந்தாறு திரள் கொண்ட ஒரு சிறு குழு ஒரு திரளை 5,800 கி.மீ. வேகத்தில் ஓடவைக்க முடியாது. இருந்தும் இது எளிதில் ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவல்ல. விந்தைத் திரள்களின் தொகுப்பை 1966 இல் வெளியிட்ட ஹால்டன் ஆர்ப், அதில் இந்தக் கூட்டத்துக்கு 319 என்ற எண்ணைக் கொடுத்தவர், ஐந்தும் ஒரே தொலைவில்தான் இருக்கின்றன, செம்பெயர்ச்சியைத் தொலைவின் அளவாகக் கொள்வதே பிழை என்று நெடுங்காலம் வாதாடினார். என் கருத்தில் அவரை ஏளனம் செய்வது எளிது, நியாயமல்ல. 7319-இலிருந்து கிளம்பும் மங்கலான வால் ஒன்று 7320-இன் மீது போய் முடிவதுபோலவே படங்களில் தெரியும்போது, அதை உறவு என்று நினைக்கத் தோன்றுவது இயல்புதான். அந்த வால் 7320-க்குப் பின்புறமாகப் போகிறது என்பதை ஏற்றுக்கொள்ள வேறு சான்றுகள் தேவைப்பட்டன.

அந்தச் சான்றுகள் வந்துசேர்ந்தன. 7320-இலிருந்து அரைப் பாகைத் தொலைவில் என்ஜிசி 7331 என்ற பெரிய சுருள் திரள் இருக்கிறது. அதன் வேகம் 816 கி.மீ.; 7320-இன் 786-க்கு மிக நெருக்கம். அதிலுள்ள செபீட்களை ஹபிள் தொலைநோக்கி கொண்டு அளந்ததில் தொலைவு ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கோடி ஒளியாண்டு என்று தெரிந்தது. 7320-இன் உண்மையான உறவினர் அங்கேதான் இருக்கிறார். வெப் படத்தில் 7320-இன் தனித்தனி விண்மீன்களே பிரிந்து தெரிகின்றன; மற்ற நான்கின் பரப்பு வழவழவென்று இருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் மணலில் துகள் தெரியும், தூரத்து மணல்மேட்டில் தெரியாது. ஒரு வேடிக்கை என்னவென்றால், 7331-ஐச் சுற்றிக் குட்டிகள்போலத் தெரியும் சிறு திரள்களும் அதன் குட்டிகள் அல்ல, பல மடங்கு பின்னால் இருப்பவை. ஒரே வானத்துண்டில் இத்தனை பொய் உறவுகள்.

முன்னும் பின்னும் யார் என்பதை எண்ணே இல்லாமல் தீர்க்கும் வழியும் ஒன்று உண்டு. எனக்கு அது மிகவும் பிடித்தது. முன்னால் இருப்பதன் தூசும் வாயுவும் பின்னால் இருப்பதன் ஒளியை மறைக்கும். ஹைட்ரா தொகுதியிலுள்ள என்ஜிசி 3314-இல் ஒரு சுருள் திரளின்மேல் இன்னொரு சுருள் திரள் அச்சாகப் பொருந்திக் கிடக்கிறது. முன்னதன் சுருள் கைகளில் உள்ள தூசு, பின்னதன் ஒளியில் நிழற்கோடுகளாகத் தெரிகிறது; இரண்டின் வடிவமும் சிதையவில்லை. முன்னது 11.7 கோடி, பின்னது 14 கோடி ஒளியாண்டு. என்ஜிசி 4319 என்ற திரளையும் மார்க்கேரியன் 205 என்ற ஒளிமிக்க திரள் மையத்தையும் ஒரு பாலம் இணைப்பதாக ஆர்ப் வாதிட்டார்; செம்பெயர்ச்சிப்படி முதலாவது சுமார் 8 கோடி, இரண்டாவது சுமார் 100 கோடி ஒளியாண்டு. மார்க்கேரியன் 205-இன் நிறமாலையைப் பிரித்தபோது, 4319-இன் வேகத்துக்கு உரிய இடத்தில் அதன் வாயு உறிஞ்சிய கோடு அகப்பட்டது. ஒளி அந்தத் திரளுக்குள் புகுந்து வந்திருக்கிறது என்றால், அது அதற்குப் பின்னாலிருந்து கிளம்பியதாகத்தானே இருக்க வேண்டும்?

இனி 7318பி-க்கு வருகிறேன். என் அட்டவணை அதை 4 கோடி ஒளியாண்டு முன்னால் நிறுத்தியது. ஆனால் அது மற்ற திரள்களின் நடுவே பரவிக் கிடக்கும் வாயுவுக்குள் இப்போது பாய்ந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அசைக்க முடியாத தடயம் இருக்கிறது. 7318பி-க்கும் 7319-க்கும் இடையே, விண்மீன்களே அதிகம் இல்லாத இடத்தில், ஒரு நீண்ட முகடு ரேடியோ அலைகளில் ஒளிர்கிறது. அதே முகடு சந்திரா தொலைநோக்கியின் எக்ஸ்-கதிர்ப் படத்திலும் ஒளிர்கிறது. ஸ்பிட்சர் தொலைநோக்கி அங்கே மூலக்கூற்று ஹைட்ரஜனின் வலுவான ஒளியைக் கண்டது. வாயுவின்மேல் வாயு ஒலியின் வேகத்தை மிஞ்சி மோதும்போது எழும் அதிர்ச்சி அலை இது. கேனரித் தீவுகளிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட வீவ் என்னும் நிறமாலைக் கருவியின் அளவீடுகள் 2024 இல் வெளிவந்தன. மோதலின் வேகம் மணிக்கு சுமார் 32 லட்சம் கி.மீ. என்று அவை கூறின. விநாடிக்கு மாற்றினால் ஏறத்தாழ 890 கி.மீ. நான் 4 கோடி ஒளியாண்டாக மாற்றிவைத்த அந்த 856 கி.மீ. வேறுபாடு, மோதலின் வேகமே அன்றி வேறல்ல. என் கையிலிருந்த எண் சரியானது. அதன்மேல் நான் ஒட்டிய பெயர்தான் தவறு.

பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, இப்போது அவை இணைகின்றனவா என்று திருப்பிக் கேட்டார். மோதுகின்றன என்றேன். "இணைகின்றனவா என்றுதான் கேட்டேன்" என்றார். அந்த இரண்டு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் செய்திக் குறிப்புகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திரள்களில் விண்மீன்கள் மிக இடைவிட்டு இருப்பதால், இரண்டு திரள்கள் ஒன்றினூடாக மற்றொன்று புகுந்து வெளியேறிவிட முடியும். அவை இணைய வேண்டுமானால் ஓட்டம் தேய வேண்டும். அந்தத் தேய்வை விளக்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். விண்மீன்களின் நடுவே நகரும் ஒரு கனத்த பொருள், கடந்து வந்த வழியில் விண்மீன்களைத் தன்பால் ஈர்த்துத் திரட்டுகிறது. பின்னால் திரண்ட அந்தக் கூட்டம் அதையே பின்னுக்கு இழுக்கிறது. இயக்கவியல் உராய்வு என்னும் இதை அவர் 1943 இல் எழுதினார். வேகம் மிகுந்தால் இந்த இழுவை வேகத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. மெதுவாக வருபவன் சிக்கிக்கொள்வான், விரைந்து வருபவன் தப்பிவிடுவான்.

ஆகவே வேக வேறுபாடு தொலைவை அளப்பதற்கான கருவியாக இல்லாவிட்டாலும், இணைவைப் பற்றிய கேள்விக்கு நேரான விடையை வைத்திருக்கிறது. ஆன்டெனா திரள்கள் எனப்படும் என்ஜிசி 4038, 4039 இரண்டும் விநாடிக்கு ஏறத்தாழ 1,640 கி.மீ. என்ற ஒரே வேகத்தில் விலகுகின்றன. அவற்றிலிருந்து ஒன்றின் ஈர்ப்பால் மற்றொன்று இழுபட்டு நீளும் இரண்டு ஓத வால்கள் மெதுவான நெருக்கத்தின் விளைவுகள் என்பதை ஆலர் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்கள் 1972 இல் கணினி மாதிரியால் காட்டினார்கள். பெரிய கணக்கெடுப்புகளில் இணையக்கூடிய இணைகளைத் தேடுவோர், வேக வேறுபாடு 500 கி.மீ.-க்குள்ளும், வானத்தில் தெரியும் இடைவெளி ஒரு லட்சம் ஒளியாண்டை ஒட்டியும் இருக்க வேண்டும் என்று வரம்பு வைப்பது இந்த அடிப்படையில்தான். அந்த வரம்பில் 7318பி தேறாது. ஐவரை ஒரே குடும்பமாக எண்ணிப் பார்க்கும் நமக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கோ அதுவே நேர்மையான விடையாகத் தெரிகிறது. நிறமாலையே எடுக்காமல், சில வண்ணவடிகட்டிகளின் ஒளியளவிலிருந்து செம்பெயர்ச்சியை ஊகிக்கும் முறைக்கு இதில் இடமே இல்லை. அதில் 0.02 அளவுக்குப் பிழை சாதாரணம். வேகமாக மாற்றினால் அது 6,000 கி.மீ. வேற்றூர்க்காரரான 7320-ஐயும் அந்த முறை குடும்பத்தில் சேர்த்திருக்கும்.

எம் 86-ஐயும் வெறும் எச்சரிக்கையாக விட்டுவிட முடியாது. அதற்கும் என்ஜிசி 4438 என்ற சிதைந்த சுருள் திரளுக்கும் இடையே ஏறத்தாழ 4 லட்சம் ஒளியாண்டுக்கு நீளும் ஹைட்ரஜன் இழைகள் 2008 இல் வெளியான படத்தில் தெரிந்தன. அவை மோதிக்கொண்டவை என்பதற்குச் சான்று அந்த இழைகளே. செம்பெயர்ச்சி அங்கே செய்த உதவி, அந்த இழைகளின் வேகம் இருபுறமும் பொருந்தித் தொடர்ந்து செல்கிறது என்று காட்டியது. படத்தில் பாலம்போலத் தெரிவது போதாது. பாலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வேகம் படிப்படியாக மாறிச் செல்ல வேண்டும். ஐவரிலும் சீனாவின் ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கி 2022 இல் சுமார் 20 லட்சம் ஒளியாண்டு நீண்ட ஹைட்ரஜன் வாயுப் பரப்பு ஒன்றைக் கண்டது. பழைய நெருக்கங்களில் சிதறிய வாயுவாக அது இருக்கலாம்.

செம்பெயர்ச்சி பார்வைத் திசையில் உள்ள வேகத்தை மட்டுமே தரும். பக்கவாட்டில் எவ்வளவு ஓடுகிறது என்பதை நிறமாலை சொல்லாது. நம் பக்கத்துத் திரளான ஆன்ட்ரோமீடா நம்மை நோக்கி விநாடிக்குச் சுமார் 300 கி.மீ. வேகத்தில் வருகிறது என்பதை 1912 இல் லோவெல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தார். சூரியன் பால்வீதியைச் சுற்றும் ஓட்டத்தைக் கழித்தால் 110 கி.மீ. மிஞ்சும். 25 லட்சம் ஒளியாண்டே தொலைவு என்பதால் அதன் பக்கவாட்டு நகர்வையும் ஹபிள், கையா ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் அளந்துவிட்டன. எல்லாம் கையிலிருந்தும், அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் நம் பால்வீதி அதனோடு இணைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதிதான் என்று 2025 இல் வந்த ஆய்வு சொல்கிறது.

என் அட்டவணையை அழிக்கவில்லை, திருத்தி வைத்திருக்கிறேன். 7320-க்கு எதிரில் மட்டும் தொலைவு என்ற கட்டத்தை விட்டுவைத்து, மற்ற நான்குக்கும் அதை அடித்து ஒரே எண்ணாக 29 கோடி என்று எழுதினேன். பக்கத்தில் சார்பு வேகம் என்று ஒரு புதிய பத்தி. அதில் 7318பி-க்கு நேராக 856. அதற்கும் பக்கத்தில் பக்கவாட்டு வேகம் என்று இன்னொரு பத்தி வரைந்தேன். அதில் ஐந்து கட்டங்களும் காலியாக இருக்கின்றன.